அரைக்கால் ஸ்பூன்

ஜூன் 3, திங்கள்

புத்தகம் வெளிவந்து பதினெட்டு நாள் ஆயிற்று. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே செல்போனில் புத்தகம் போட்ட கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். விற்றது பதினேழு பிரதி. நேற்றும் பதினேழுதான்.

"அதென்ன கிரிக்கெட் ஸ்கோரா? எந்நேரமும் பாத்துக்கிட்டே இருக்கிய?" என்றாள் சிதம்பரவடிவு.

முப்பத்து மூன்று வருஷம் கால்நடை ஆய்வாளராக இருந்து, கயத்தாறு முதல் விளாத்திகுளம் வரை ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்த்தவன் எழுதிய ஆடு வளர்ப்புப் புத்தகம். பார்க்காமல் என்ன செய்வதாம்? கட்டிய மனைவிக்கே தெரியவில்லை அதன் அருமை.

சாயங்காலம் வேலுமயில் வந்தார். ரிட்டயரான தமிழாசிரியர், என் பழைய சிநேகிதர். அவருடைய கவிதைப் புத்தகம் நானூற்றுச் சொச்சம் இன்னும் அவர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அச்சகத்துக்காரர் ஐநூறுக்குக் குறைந்து அடிக்கமாட்டேன் என்றாராம். கரையான் வந்து ஒரு கட்டைத் தின்று முடித்துவிட்டுப் போயிருக்கிறது. "ஒம்ம வீட்டுல ஒரு புத்தகக் கட்டையும் காணமே, எங்கவே அடுக்கி வச்சிருக்கீரு?" என்று அறை அறையாகத் தேடினார். எங்கேயும் இல்லை, அதுதான் பிரிண்ட் ஆன் டிமாண்ட் என்றேன். புத்தகம் கம்பெனியின் கம்ப்யூட்டரில் கோப்பாகத்தான் இருக்கும். யாராவது ஒருவர் இணையத்தில் கேட்டால், அப்போது ஒன்றே ஒன்று அச்சாகி, அட்டை ஒட்டி, நேரே அவர் வீட்டுக்குப் போய்விடும். கடைசிப் பக்கத்தில் அச்சான தேதிகூட இருக்கும்.

வேலுமயில் என் கட்டிலுக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு, "தோசை மாதிரில்லா இருக்கு" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

ஜூன் 4, செவ்வாய்

எழுதி வைத்தால் நிதானம் வரும் என்று எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அந்தோணி, ஆட்டுக்குட்டிக்கு வயிறு உப்புகிறது, புழுவாக இருக்குமோ என்று கேட்டு வந்தான். வாயால் சொல்லியிருக்கலாம். என் கிறுக்குப் புத்தி, "இரு, புத்தகத்திலேயே இருக்கு" என்று பெருமையாக எடுத்து வந்து நாற்பத்தேழாம் பக்கத்தை விரித்தேன். குடற்புழு. மாத்திரை கிடைக்காத ஊரில் மயில்துத்தம் கரைத்த தண்ணீர். அளவு: 'அரை ஸ்பூன்.'

நான் எழுதியது அரைக்கால் ஸ்பூன். காலில் பாதி, அரைக்கால். எட்டில் ஒரு பங்கு. என் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அரைக்கால் என்றுதான் இருக்கிறது, மணிமணியாக. மயில்துத்தம் விஷம். அரைக்கால் ஸ்பூன் புழுவுக்கு மருந்து. அரை ஸ்பூன் ஆட்டுக்கு எமன்.

அந்தோணியிடம், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்பா, அதான் நல்லது" என்று சொல்லி அனுப்பிவிட்டு, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மெகராஜ் கடைக்கு ஓடினேன். திருப்பிப் போட்டிருந்தது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மெகராஜ்தான் என் புத்தகத்தைத் தட்டச்சு செய்தவள், பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்ன காரியம் பண்ணிட்ட? ஒரு சொல்லை முழுங்கிட்டியே!" என்று நாலு பேர் முன்னால் கத்தினேன்.

"சார், நான் உங்ககிட்ட கேட்டேன்லா..." என்று ஆரம்பித்தாள்.

"என்னத்தக் கேட்ட?"

அவள் கடையில் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு கோப்பைத் திறந்து திருத்தி, கம்பெனிக்கு ஏற்றிவிட்டாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கேட்டாளாம். கேட்டிருந்தால் எனக்கு ஞாபகம் இருக்காதா?

ஜூன் 5, புதன்

திருத்திய கோப்பை கம்பெனி ஏற்றுக்கொண்டது. இனி அச்சாகிற பிரதியெல்லாம் சரி. ஐநூறு அடித்து ஊர் ஊராகக் கடையில் போட்டிருந்தால் என் கதி என்ன? பதினேழே பதினேழு பிரதிதான் வெளியே. பதினேழு.

ஜூன் 6, வியாழன்

உட்கார்ந்து பட்டியல் போட்டேன். மச்சினன், மூத்த மகள், மதுரைச் சம்பந்தி, டிபார்ட்மெண்ட் ஆட்கள் ஐந்து பேர், வேலுமயில், பாளையங்கோட்டை கால்நடை டாக்டர் ஐசக், சர்ச் தெரு லைப்ரரியன். பதினொன்று. இவர்களில் ஆடு வளர்ப்பவர் யாருமில்லை, ஆடு தின்பவர்கள்தான். ஐசக்கிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் என் முன்னாள் மேலதிகாரி. "அந்த வைத்தியத்தையே எதுக்குய்யா போட்டீரு? துத்தத்தை வீட்டுல வச்சு ஸ்பூன்ல அளக்கச் சொல்றது என்ன வேலை? டிஸ்பென்சரிக்குப் போன்னு ஒரு வரி போட்டாப் போதாதா?" என்று கத்தினார். பெரிய படிப்புப் படித்தவர், அப்படித்தான் சொல்வார்.

மீதி ஆறு பேர் யார்? கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"வாங்கினவங்க பேர், அட்ரஸ் நாங்க தர முடியாது சார். ஆனா நீங்க ஒரு திருத்தக் குறிப்பு எழுதிக் குடுத்தீங்கன்னா, அந்தப் பதினேழு பேருக்கும் நாங்களே மெயிலும் மெசேஜும் அனுப்பிடுவோம். இன்னைக்கே போயிடும்."

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

இதில் யோசிக்க இருக்கிறது. பதினேழில் ஐந்து பேர் டிபார்ட்மெண்ட். 'ஆவுடையப்பன் புத்தகத்தில் ஆட்டைக் கொல்லும் அளவு' என்று ஒரு மெசேஜ் வந்தால் போதும், வாட்ஸாப் குரூப்பில் போட்டு நாறடித்துவிடுவார்கள். அதுவும் முப்பத்து மூன்று வருஷம் பேர் கெடாமல் இருந்த பிறகு. வாங்கியவர்கள் எல்லாரும் மருந்து கொடுத்துவிடவா போகிறார்கள்? சும்மா புரட்டிப் பார்த்துவிட்டு வைத்திருப்பார்கள். நாற்பத்தேழாம் பக்கம் வரைக்கும் யார் வாசிப்பது?

ஜூன் 8, சனி

எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போனேன். பக்ரீத்துக்கு இன்னும் ஒன்பது நாள், கூட்டம் சொல்லி மாளாது. கிடாய்களை வரிசையாகக் கட்டிப்போட்டு, வெள்ளி மாதிரி மின்னக் கொம்பைத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். அவனவன் விற்பதற்கு முன்னால் ஆட்டைத் தேற்ற என்னவெல்லாம் செய்வான் என்று எனக்குத் தெரியும். முதல் காரியம் புழு மருந்துதான்.

நாலைந்து பேரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆடு வளர்ப்பு பற்றி ஏதாவது புத்தகம் படிக்கிறீர்களா என்று. ஒருவர், "ஏன் சார், நீங்க புத்தகம் விக்க வந்தியளா?" என்று கேட்டுவிட்டார். வெயிலில் தலை சுற்ற, சர்பத் குடித்துவிட்டுத் திரும்பினேன். எதற்குப் போனேன், யாரைக் கண்டுபிடிக்கப் போனேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

சாம்பாரில் உப்பு இல்லை என்று கத்தினேன். இருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

புத்தகத்தில் போட்டிருக்கும் என் எண்ணுக்கு ஒரு போன் வந்தது. விளாத்திகுளம் பக்கம் வடக்குச்செவல் என்ற ஊர். நாற்பத்தேழாம் பக்கத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டார்கள். புத்தகத்தில் அரைக்கால் என்றுதான் இருக்கிறது என்று தெரிவித்தேன். கம்பெனியில் இப்போது இருக்கும் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஜூன் 12, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. வாஷிங் மெஷினுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டு, பெல்ட் போய்விட்டது என்றான். மாடியில் துணி காயப்போட்டேன். பெரிய வேலை ஒன்றுமில்லை.

நேற்றுப் பேசியதை யோசித்துப் பார்த்தேன். பொய் எதுவும் இல்லைதான்.

ஜூன் 13, வியாழன்

மெகராஜ் மேல் உள்ள கோபம் தணியவில்லை. கேட்டேன், கேட்டேன் என்கிறாளே, எங்கே கேட்டாள் என்று அவளுடைய வாட்ஸாப் மெசேஜ்களை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். அட்டைப் படம், அட்டைப் படம், என் போட்டோ சின்னதாக இருக்கிறது என்று நான் அனுப்பிய ஏழு மெசேஜ். அதற்குக் கீழே ஏப்ரல் இருபத்திரண்டு.

'சார், பக்கம் 47ல அரைக்கால் ஸ்பூன்னு எழுதியிருக்கீங்க. அரைக்கால் சட்டைன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். ஸ்பூனுக்கு அரையா, காலா? அரைன்னு போட்டுடவா?'

அதற்குக் கீழே என் பதில். ஒரு கட்டைவிரல்.

தூக்கிய கட்டைவிரல், மஞ்சள் நிறத்தில். அன்றைக்கு மகளோடு துணிக்கடையில் இருந்தேன் என்று நினைக்கிறேன். வாசிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவேன், குட் மார்னிங்குக்கும் சாவுச் செய்திக்கும்.

மாதிரிப் பிரதி ஒன்று அச்சடித்து அனுப்பி, முழுக்கப் படித்துச் சரி சொல்லுங்கள் என்று கம்பெனி கேட்டிருந்தது. படித்தேன் என்று சொன்னேன். முன்னட்டை, பின்னட்டை, என் போட்டோ, முன்னுரை. அவ்வளவுதான் படித்தேன். இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

மெகராஜ் கடைக்குப் போய், "மன்னிச்சுக்கம்மா" என்றேன். கடையில் அன்றைக்குப் போலவே நாலு பேர் இருந்தார்கள்.

"விடுங்க சார். எனக்கு அப்பவே தெரியும், நீங்க பாக்காமத்தான் போட்டிருப்பியன்னு. நானும் உங்களுக்கு ஒரு போன் அடிச்சிருக்கணும்" என்றாள். டீ வரவழைத்தாள்.

ஜூன் 15, சனி

நேற்று எழுத நேரமில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நேற்றுக் காலை சிதம்பரவடிவு இட்லியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் விஷயம் பெரிது.

"செவ்வாக்கிழம அந்தப் புள்ளைட்ட நீங்க பேசினதை நான் அடுப்படியில இருந்து கேட்டேன். ஸ்பீக்கர்லதான் போட்டிருந்திய."

நான் சட்னிக் கிண்ணத்தை இழுத்தேன்.

"மூணு நாளா நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன். அது அழுதுச்சில்லா? உங்க காதுல விழலையா?"

விழுந்தது. செவ்வாய்க்கிழமை எழுதியதில் அதை விட்டுவிட்டேன். பேசியவள் பெயர் முத்துப்பேச்சி. குரலைக் கேட்டால் இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இவள் எட்டு ஆடு வளர்க்கிறாள். செல்போனில் பார்த்து என் புத்தகத்தை வரவழைத்திருக்கிறாள். பக்ரீத்துக்கு விற்பதற்காக ஒன்றரை வருஷம் வளர்த்த கிடாய்க்கு நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்து மருந்து கொடுத்திருக்கிறாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் கிடாய் செத்துவிட்டது. அது எந்தக் கிழமை என்று கேட்டேன். ஞாயிறு கொடுத்தேன், திங்கள் செத்தது என்றாள்.

ஞாயிறு. கம்பெனிப் பெண் மெசேஜ் அனுப்பட்டுமா என்று கேட்டது அதற்கு முந்தின வியாழன்.

"ஐயா, எங்க அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் தப்பாப் படிச்சுக் கிடாயைக் கொன்னுட்டேங்குறாக. புத்தகத்துல அரைன்னுதானய்யா போட்டிருக்கீக? ஒரு வார்த்தை நீங்க அவுககிட்டச் சொன்னாப் போதும். பக்கத்துலதான் நிக்காக" என்றாள். அதற்கு நான் சொன்ன பதிலை முழுதாக எழுதிவிடுகிறேன். "புஸ்தகத்துல அரைக்கால்னுதாம்மா இருக்கு. மருந்து விஷயம், சரியாப் படிக்கணும்." அந்தப் பக்கம் மாமியாரின் குரல் கேட்டது. "எழுதுன ஐயாவே சொல்லிட்டாரு. இனி என்ன பேச்சு?" முத்துப்பேச்சி அழுதாள். நான் போனை வைத்துவிட்டேன்.

இதைத்தான் சந்தேகம் கேட்டார்கள் என்று எழுதியிருந்தேன். தூ.

இட்லியை அப்படியே வைத்துவிட்டு அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மாமியார் எடுத்தாள். கருப்பாயி என்று பெயர். நான் யார் என்று சொன்னதும் குரலில் ஒரே மரியாதை.

"ஐயா, நீங்க சொன்னதுதான் சரி. ஒம்பதாவது படிச்ச புள்ளன்னு கட்டுனோம், ஒரு மருந்தைப் பாத்துக் குடுக்கத் தெரியல. நாளைக்கு விடியமுன்ன மிச்ச ஆட்டைப் பூராவும் எட்டயபுரத்துக்கு ஏத்துதோம். லோடு ஆட்டோ சொல்லியாச்சு. மகனும் சரின்னுட்டான். படிக்கத் தெரியாதவ கையில ஆடு எதுக்கு? அவ தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகட்டும்."

"அம்மா, ஏத்தாதீங்க. நான் இன்னைக்கே வாரேன்" என்றேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று இப்போது கேட்டால், சொல்லியிருக்கலாம்தான். பொய்யைப் போனில் சொன்னவன் உண்மையையும் போனில் சொன்னால் யார் நம்புவார்கள்?

கிளம்புவதற்கு முன் இரண்டு காரியம் செய்தேன். கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டு, பதினேழு பேருக்கும் குறிப்பு அனுப்பச் சொன்னேன். 'நாற்பத்தேழாம் பக்க மருந்தைக் கொடுக்காதீர்கள், அளவு தவறு, தவறு ஆசிரியருடையது' என்று சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். ஆசிரியருடையது என்றே போடட்டுமா சார் என்று ஒருமுறை கேட்டாள். போடம்மா என்றேன். பிறகு மெகராஜிடம் சொல்லி அந்தத் துத்த வைத்தியத்தையே புத்தகத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் ஐசக் சொன்ன ஒரே வரி. கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போகவும்.

டிபார்ட்மெண்ட் குரூப்பில் பஸ் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் ஆட்டுப் படம் போட்டு மாலை மாட்டியிருந்தான். போனை அணைத்துப் பையில் வைத்தேன்.

வடக்குச்செவலுக்கு மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடை. கால் நடந்ததே தவிர, மனசு திரும்பிப் போய்விடலாமா, திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தது. வீட்டு முன்னால் ஏழு ஆடுகளும் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன, ஏற்றுவதற்குத் தயாராக. கருப்பாயி சொம்பில் தண்ணீர் கொடுத்து, "எழுதுன ஐயாவே நம்ம வீட்டுக்கு வந்திருக்காக" என்று பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டாள். ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். முத்துப்பேச்சி கதவோரம் நின்றாள். மெலிந்த பெண். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

"அம்மா, உங்க மருமக சரியாத்தான் படிச்சிருக்கா. புஸ்தகத்துல அரைன்னுதான் அச்சாகியிருக்கு. அரைக்கால்னு இருக்கணும். தப்பு என்னுது. டைப் அடிச்ச புள்ள கேட்டுச்சு, நான் பாக்காமச் சரின்னுட்டேன். தப்புன்னு தெரிஞ்ச பொறகும் யாருக்கும் சொல்லாம இருந்தேன். அன்னைக்குப் போன்ல உங்ககிட்டச் சொன்னது பொய்."

கருப்பாயிக்கு விளங்க நேரமாயிற்று. "அப்ப ஏன் போன்ல அப்பிடிச் சொன்னீக?" என்றாள்.

"பயந்துட்டேன்."

"பெரிய உத்தியோகம் பாத்தவுக. நீங்க பயந்ததுக்கு இவ ஏச்சு வாங்குனா" என்றாள். அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிடாய்க்கு ஈடாக நானே ஒரு குட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். தாங்க என்றாள், சாதாரணமாக. பிறகு போனை எடுத்து, லோடு ஆட்டோக்காரனிடம் நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

பையிலிருந்து புதுப் பிரதியை எடுத்து முத்துப்பேச்சியிடம் நீட்டினேன். எனக்கென்று போன வாரம் வரவழைத்த, திருத்தி அச்சான பிரதி, கடைசிப் பக்கத்தில் ஜூன் தேதி. துத்த வைத்தியத்தைப் பஸ்ஸிலேயே பேனாவால் அடித்துவிட்டிருந்தேன். "இது சரியான புஸ்தகம்மா. பழசை என்கிட்டக் குடுத்துரு."

அவள் வாங்கவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய பிரதியைக் கொண்டு வந்தாள். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு பால் கவர் துண்டை அடையாளம் வைத்திருந்தாள்.

"புதுசுல தப்பே இல்லையேய்யா. இதை உங்ககிட்டக் குடுத்துட்டேன்னா, நாளைக்கு யாராச்சும் கேட்டா மறுபடியும் நான்தான் தப்பாப் படிச்சேன்னு ஆயிரும். இது எங்கிட்டயே இருக்கட்டும். இதுல எழுதிக் குடுங்க."

"என்ன எழுத?"

"நடந்ததை எழுதுங்க."

பேனாவையும் அவளே கொடுத்தாள். 'அரை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளை இடத்தில் எழுதினேன். நின்றபடியே எழுதியதால் எழுத்து கோணிவிட்டது. கீழே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புத்தகம் வந்து ஒரு மாதத்தில் ஒரு வாசகர் கேட்டு நான் போட்ட முதல் கையெழுத்து.

அவள் வாங்கி மனசுக்குள் ஒருமுறை வாசித்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தாள்.

"இந்தப் பக்கத்தில் உள்ள அளவு தவறு. இதை வாசித்தவர் சரியாகவே வாசித்தார். எழுதியவன்தான் வாசிக்கவில்லை. கோ. ஆவுடையப்பன், கால்நடை ஆய்வாளர், ஓய்வு. பதினான்கு, ஆறு."

என் கோணல் எழுத்தில் ஓரிடத்தில்கூட அவள் தடுமாறவில்லை.